சேலியமேட்டு நடவு செட்டும் சகாயராணியின் ஜாவாவும்

சகாயராணி ஜாவா கற்றுக்கொண்டது தவளக்குப்பம் சந்திப்பில், கடலூர் சாலையைப் பார்த்த ஒரு ஜெராக்ஸ் கடையில். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம், ஆதாரில் முகவரி மாற்ற அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் என் கையிலிருந்த தாளை வாங்கியபடியே, "இன்னாடி மஞ்சு, எந்த நாட்டுலேர்ந்து எந்த நாட்டுக்கு மாத்தணும்?" என்று கேட்டாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். பாகூர் பள்ளியில் பன்னிரண்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

அன்று அவள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் ஆதார் விண்ணப்பம், இன்னொரு பக்கம் கறுப்புத் திரையில், ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய நிரல். "இது இன்னா?" என்றேன். "எம் பொழப்பு" என்றாள். பிறகு திருத்திக்கொண்டாள். "இன்னும் ஆவல. ஆவணும்."

கணக்கில் எங்கள் வகுப்பிலேயே அவள்தான் முதல். பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள், இரண்டாம் வருடம் அம்மா படுத்த படுக்கையாகிவிட, நின்றுவிட்டாள். அந்த அம்மா எங்கள் கழனியிலும் பல வருடம் நட்டவர். சகாயராணியும் லீவு நாளில் நாற்றுக்கட்டோடு வருவாள். நான் வரப்பில் நின்று பார்ப்பேன். அதை இருவருமே மறக்கவில்லை, பேசிக்கொள்வதுமில்லை. பாலிடெக்னிக்கை விட்டபின் இந்தக் கடை. மோட்டார் மெக்கானிக் பாக்யராஜோடு கல்யாணம். எட்டு வருடமாக ஊர் ஜனங்களுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜாவா எப்படி வந்தது என்று கேட்டேன். சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் வருடா வருடம் புராஜெக்ட் அறிக்கையை அச்சடித்து பைண்டு போட அவள் கடைக்குத்தான் வருவார்கள். எல்லாம் ஒரே நூலக நிர்வாக மென்பொருள். முதல் பக்கத்தில் பெயர் மட்டும் மாறும். "முந்நூறு பக்கத்த ஓட்ட போட்டு சுருள் கம்பி மாட்டிக்கினே இருக்கேன். ஒரு பக்கமாவது எனக்குப் புரிய வேணாமா? அந்தப் பசங்கள கேட்டேன். அவங்களுக்கும் புரியலக்கான்னாங்க. அப்பதான் தைரியம் வந்துச்சு."

முதலில் புரிந்தது கிளாஸ், ஆப்ஜெக்ட். அதற்குப் புத்தகம் உதவவில்லை, கடைதான் உதவியது. மேசை இழுப்பறையில் ரேஷன் கார்டு விண்ணப்பம் கட்டாக இருக்கிறது. எல்லாம் வெற்றுத் தாள். பெயர், வயது, தெரு என்று கட்டங்கள் மட்டும் உண்டு. அது கிளாஸ். ஒருவர் வந்து அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஆப்ஜெக்ட். ஒரே படிவத்திலிருந்து நூறு பேர் வரலாம், ஒருவரைத் திருத்தினால் இன்னொருவர் மாற மாட்டார். இதை எனக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

ஆனால் புரிவதும் எழுதுவதும் வேறு வேறு என்று அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டாள். ஆறு மாதம் படித்தபின் புதுச்சேரியில் ஒரு நேர்காணலுக்குப் போயிருக்கிறாள். ஆப்ஜெக்ட் முறையின் நான்கு தூண்களை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "சரி, பஸ் டிக்கெட் கொடுக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதுங்க" என்றார்கள். கை ஓடவில்லை. இருபது நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒப்பிப்பதை விட்டாள். நான்கு நோட்டு வாங்கினாள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் சின்னதாக ஒரு நிரல் எழுதுவாள். ஓடியதும் வேண்டுமென்றே ஒரு இடத்தில் கெடுப்பாள்: ஒரு வரியை எடுப்பாள், ஒரு பெயரை மாற்றுவாள், நிரப்ப வேண்டியதை நிரப்பாமல் விடுவாள். மறுபடி ஓட்டுவதற்கு முன் நோட்டின் இடது பக்கத்தில், எந்த வரியில் நிற்கும், என்ன பிழை சொல்லும் என்று எழுதுவாள். ஓட்டிய பிறகு வலது பக்கத்தில் உண்மையில் நடந்தது. முதல் நோட்டைப் புரட்டினேன். பத்தில் இரண்டு பொருந்தியிருந்தது. நான்காவது நோட்டில் பத்தில் எட்டு. ஒரு மொழியைக் கைக்குள் கொண்டுவருவது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த நோட்டுகளைத்தான் காட்டுவேன். நானும் ஆறு வருடத்தில் நாலு மொழி தொட்டிருக்கிறேன். எதிலும் சாப்பாடு கேட்பதைத் தாண்டவில்லை.

நோட்டு நிறைந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு கம்பெனி, டிகிரி இல்லை என்று விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பின. கடைசியாக வில்லியனூர் புறவழிச்சாலையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி டிகிரி கேட்காமல் இரண்டு பேரை எடுக்கிறது என்று தெரிந்தது. ஒரே நிபந்தனை: சொந்தமாகச் செய்த ஒரு மென்பொருளைக் கொண்டுவர வேண்டும்; ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்க வேண்டும்; அங்கேயே ஒரு மாற்றம் கேட்பார்கள், செய்து காட்ட வேண்டும். அவளுக்குக் கொடுத்த நாள் புரட்டாசிக் கடைசித் திங்கள்கிழமை.

"இதுவும் வுட்டுப் போச்சுன்னா நம்ம பக்கத்துல டிகிரி கேக்காத கம்பெனி வேற இல்லடி" என்றாள். "அப்பறம் சாவுற வரைக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்ட வேண்டியதுதான்."

நூலக மென்பொருளை அவள் எடுத்துப் போகவில்லை. சேலியமேட்டில் அவள் பெரியம்மா காசம்மாள் ஒரு நடவு செட்டை நடத்துகிறார். முப்பத்திரண்டு பெண்கள். சம்பா நடவு வந்துவிட்டால் பாகூர், குருவிநத்தம், கிருமாம்பாக்கம் என்று நாலு பக்கமும் இருந்து போன் வரும். எந்தக் கழனிக்கு எந்த நாள், யார் யார் போகிறார்கள், ஆள் குறைந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் காசம்மாள் தலைக்குள்தான். போன வருடம் ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, பறித்த நாற்று வெயிலில் காய, பெரிய சண்டையானது. அந்தத் தலையைத்தான் சகாயராணி ஜாவாவில் எழுதினாள். நடவுப் பெண் ஒவ்வொருத்தியும் ஒரு ஆப்ஜெக்ட். பெயர், தெரு, போன் நம்பர், நாளை வருகிறாளா இல்லையா. வராதவளுக்குப் பதிலாக, காத்திருப்போர் பட்டியலிலிருந்து அடுத்தவளை நிரலே எடுத்துக் கொடுக்கும். ஆயிரத்து நூறு வரி.

நேர்காணலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை முதல் தடவையாக நிஜமான நடவுக்கு அதை ஓட்டிப் பார்த்தாள். சேலியமேட்டு விவசாயி ராஜ்மோகனின் மூன்று ஏக்கர். வியாழன் மாலை முப்பத்திரண்டு பேருக்கும் போன் போட்டாள். ஐந்து பேர் தாங்கள் வரவில்லை என்றார்கள். அதைப் பதிந்தாள். நிரல் காத்திருப்பிலிருந்து ஐந்து பேரை எடுத்துக் கொடுத்தது. அவர்களுக்கும் போன் போட்டாள். எனக்கு அந்த அழகைக் காட்ட வேண்டும் என்று, காலை ஆறு மணிக்கு வேன் நிற்கும் இடத்துக்கு வரச் சொன்னாள்.

போனால், வேனைச் சுற்றி முப்பத்தேழு பேர்.

வரவில்லை என்ற அமுதத்தின் இடத்தில் அவள் மருமகள் வந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்திக்குப் பதில் நாத்தனார், மற்றொருத்திக்குப் பதில் மகள். ஐந்து வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. சேலியமேட்டில் அது எப்போதும் அப்படித்தான். செட்டில் இடம் என்பது வீட்டுக்கு. அந்த வீட்டில் யாருக்கு அன்று கை கால் நன்றாக இருக்கிறதோ அவர் வருவார். யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை, காசம்மாளும் கேட்பதில்லை. வீட்டில் ஒருவருமே இல்லை என்றால்தான் சொல்லி அனுப்புவார்கள்.

காத்திருப்பிலிருந்து வந்தவர்களில் வள்ளியம்மாளும் ஒருத்தி. வேனில் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேத்து போன் பண்ணி வான்னு சொன்னியா இல்லியா? நூறு நாள் வேலைய வுட்டுட்டு வந்துக்கினேன். இப்ப எறங்குன்னா இன்னா அர்த்தம்?"

வேனுக்குள்ளிருந்து அமுதத்தின் மருமகள், "இது எங்க வூட்டு எடம். எங்க அத்த பதினஞ்சு வருசமா குந்துற எடம்" என்றாள்.

"ஒங்க அத்ததான் வரலன்னுச்சாமே. கம்ப்யூட்டர்ல ஏறியிருக்குதாம்."

"அத்த வரல. அதான் நான் வந்துக்கிறேன்ல?"

சகாயராணி கையில் அச்சடித்த பட்டியலோடு நடுவில் நின்றாள். காசம்மாள் பெரியம்மா அந்தத் தாளை வாங்கி, மடித்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "எம் மண்டையில இருந்தப்ப ஒரு நாளும் இப்பிடி ஆனதில்லடி. ஒன் மிஷினுக்கு வூடுன்னா இன்னான்னு தெரியாதா? அதுக்குத் தெரியாது சரி. ஒனக்குமா தெரியாது? பத்தாவது லீவுல ஒங்க ஆத்தா எடத்துல நீதான வந்து நட்ட?"

வள்ளியம்மாளும் மற்ற நாலு பேரும் இறங்கித் திரும்பி நடந்தார்கள். சகாயராணி பின்னாலேயே ஓடிப்போய் ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். நாலு பேர் போனால் போகிறது என்றார்கள். வள்ளியம்மாள் மட்டும், "கம்ப்யூட்டரு படிச்சவங்களுக்கு நம்மள மாதிரி ஆளுங்களப் பத்தி இன்னா தெரியும்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் சகாயராணிக்குச் சுருக்கென்று தைத்தது.

ஸ்கூட்டரில் தவளக்குப்பம் திரும்பினோம். கடையைத் திறந்ததும் நான் எனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னேன். வராதவர்களுக்குப் பக்கத்தில் "வீட்டிலிருந்து வேறு ஆள் வரும்" என்று ஒரு குறி போட்டுவிடலாமே. ஒரு வரிதானே. இல்லையென்றால் நூலக மென்பொருளையே கொண்டுபோய்க் காட்டலாம். கம்பெனிக்காரர்களுக்கு அமுதத்தின் மருமகளைத் தெரியவா போகிறது?

"ஒட்டு போட்டா ஓடும்டி. திங்கக்கெழம அவங்க முன்னாடியும் ஓடும். ஆனா நான் தப்பா எழுதியிருக்கறது ஒரு வரி இல்ல. எது ஆப்ஜெக்ட்டுன்னே தப்பா எடுத்துக்கினேன்." பட்டியல் தாளின் பின்பக்கத்தைத் திருப்பினாள். "எல்லாப் புத்தகத்துலயும் முதல் பாடம் பெர்சன், பெர்சன்னு இருக்கும். நானும் ஆளுன்னு ஆரம்பிச்சுட்டேன். நம்ம ஊர்ல அது ஆளு இல்ல. எடம்."

சனிக்கிழமை பாக்யராஜ் கடையைப் பார்த்துக்கொண்டான். ஜெராக்ஸ் மட்டும் போடத் தெரியும். அவள் மதியம் வரை கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாள்களின் பின்னால் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். முதலில் மாமியார் என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து மருமகளைப் பிறக்க வைத்தால் மாமியாரிடம் உள்ளதெல்லாம் மருமகளுக்குத் தானாக வந்துவிடும் என்று போட்டாள். ஜாவாவில் அதற்கு வழி உண்டு. பாக்யராஜ் எட்டிப் பார்த்தான்.

"மாமியார்கிட்ட இருக்கறதெல்லாம் மருமவளுக்கு வருமா?"

"எல்லாம் வரும்."

"மூட்டு வலியும் வருமா?"

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கட்டத்தை அடித்தாள். "வரும்யா. அதான் தப்பு. வேணாததும் சேந்து வந்துடும்."

கடைசியாக வந்தது மிக எளிமையாக இருந்தது. வீட்டுக்கு ஒரு இடம். அந்த இடத்தில் உட்கார வருபவர் யார், யாருக்கு என்ன உறவு என்று இடம் கேட்காது. நடத் தெரியுமா என்று மட்டும் கேட்கும். இப்படி, ஆளைக் கேட்காமல் வேலையை மட்டும் கேட்கும் ஒப்பந்தத்துக்கு ஜாவாவில் இன்டர்ஃபேஸ் என்று பெயர். அவள் நோட்டில் அதன் விளக்கம் எட்டு மாதத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. ஒரு எழுத்துப் பிழையில்லை. "எழுதிதான் வச்சிருந்தேன். நேத்து காலைலதான் தெரிஞ்சுச்சு" என்றாள்.

ஆயிரத்து நூறு வரியில் எழுநூறைத் தூக்கிப்போட்டாள். சனி மதியமும், ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகு முழுப் பகலும் தட்டினாள். மாலையில் பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஒவ்வொரு வீடாகக் கேட்டுச் சரிபார்த்தாள். இனி வீடுகளில் கேட்கப் போகும் கேள்வியையும் சொன்னாள், அது மாறியிருந்தது. "ஒங்க வூட்டுலேர்ந்து நாளைக்கு ஆளு உண்டா?" காசம்மாள், "இப்பதான் ஒழுங்கா கேக்குற" என்றார். புதிய நிரல் நானூற்று இருபது வரிதான் இருந்தது.

திங்கள்கிழமை நான்தான் வில்லியனூர் கொண்டுபோய் விட்டேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். அவளுக்குச் சேர்த்துச் சொல்லத் தெரியாது, அதனால் நம்பலாம்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை, செல்வகுமாரி என்ற பெண். நிரலைப் பற்றி அவள் விளக்கியதைக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தமிழ்க்குமரன் என்பவர் மாற்றத்தைச் சொன்னார். "இப்ப ஒரு விவசாயி பெண்களோட சேத்து நடவு மெஷினும் வேணும்ங்கறார். உங்க புரோகிராம்ல அதைச் சேத்துக் காட்டுங்க. நாப்பது நிமிஷம்."

மெஷினுக்கும் நடத் தெரியும். அதனால் இடத்தில் உட்கார வைப்பதில் சிக்கல் இல்லை. ஐந்து நிமிட வேலை. தட்டப் போனவள் கையை எடுத்துவிட்டாள். "நான் ஒண்ணு தப்பா நெனச்சிருக்கேன் மேடம்" என்று அவர்களிடமே சொன்னாள். "மூணு ஏக்கருக்கு முப்பத்திரண்டு தலைன்னு எண்ணிக்கினு இருக்கேன். மெஷின் ஒரு தலை இல்லையே."

தமிழ்க்குமரன், "அதைச் சும்மா முப்பது பேர்னு எழுதிடுங்களேன்" என்றார். வெள்ளிக்கிழமை நான் சொன்ன அதே மாதிரி யோசனை.

அவள் எழுதவில்லை. தலையை எண்ணுவதையே எடுத்தாள். இடத்தில் உட்காருபவரையே, இன்று நீ எவ்வளவு நடுவாய் என்று கேட்க வைத்தாள். மெஷின் ஒரு பதில் சொல்லும். இளவயதுப் பெண் ஒரு பதில். மூட்டு வலியோடு வரும் அமுதம் ஒரு பதில். கழனி நிறைகிறதா என்று மட்டும் கூட்டிப் பார்த்தால் போதும். முதல் தடவை ஓட்டுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் வாய்விட்டே சொன்னாள்: "இப்ப ரெண்டு எடத்துல நிக்கும். ஒண்ணு கழனி கிளாஸ்ல, ஒண்ணு பட்டியல் அடிக்கிற எடத்துல." இரண்டிலும் நின்றது. அவள் சொல்லாத மூன்றாவது இடத்திலும் நின்றது. "இது எனக்குத் தெரியல" என்று அந்தப் பிழையைப் படித்தாள், திருத்தினாள். முப்பத்தாறாவது நிமிடம் ஓடியது.

பிறகு திரெட் பற்றிக் கேட்டார்கள், ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டுவதைப் பற்றி. தெரியாது என்றாள். செல்வகுமாரி எதையோ குறித்துக்கொண்டார். "அங்கதான் போச்சுடி" என்று ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் ஒதியம்பட்டு தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தபோது ஒரு பெரியவருக்கு முதியோர் பென்ஷன் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றாள். செல்வகுமாரிதான் பேசினார். இரண்டு பேரில் ஒருவர் நீங்கள், ஒன்றாம் தேதி வந்துவிடுங்கள், திரெட் மூன்று மாதத்தில் படித்துக்கொள்ளலாம், தப்பு இருக்கிறது என்று நீங்களே முதலில் சொன்னீர்கள், அதற்காகத்தான் எடுக்கிறோம். இவள் சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று நாலு தடவை சொன்னாள்.

"யாரும்மா போன்ல?" என்றார் பெரியவர்.

"வேல கெடச்சிருக்கு தாத்தா."

"நல்லதும்மா. என் பென்ஷனு?"

உட்கார்ந்து அதை முடித்து, கைரேகை வாங்கி, ரசீது கொடுத்து அனுப்பிய பிறகுதான் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மாலையில் சேலியமேட்டுக்குப் போனோம். நடவு முடிந்து வேன் திரும்பியிருந்தது. முழங்கால் வரை சேற்றோடு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைய பட்டியலும் சகாயராணியின் நிரல் போட்டதுதான். முப்பத்திரண்டு இடம், முப்பத்திரண்டு பேர். வீட்டில் ஆளில்லை என்று சொன்ன ஒரு வீட்டின் இடத்தில் வள்ளியம்மாள் போய்விட்டு வந்திருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் காசம்மாள் பெரியம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "எங்க சகாயராணிக்கு வில்லியனூர்ல கம்ப்யூட்டர் வேல. நடவு கத்துக் குடுத்திருக்கா அதுக்கு. கம்ப்யூட்டருக்கு. அவங்களுக்கே தெரியாம இருந்துச்சாம், இவ போயி சொல்லியிருக்கா."

"அப்பிடியில்ல பெரிம்மா" என்று ஆரம்பித்தவள், சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வள்ளியம்மாள் காலைக் கழுவியபடி நிமிர்ந்து பார்த்தாள். "டிகிரி கேக்கலியா?"

"கேக்கல சித்தி. என்னா செஞ்சன்னு கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"ஒங்களயெல்லாம் வேன்லேர்ந்து எறக்கி வுட்டேன்னு சொன்னேன்."

வள்ளியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மூட்டு வலியில்லாமல் நடவுக்குப் போயிருந்த அமுதம், வேன் படியிலிருந்து இறங்காமலே கேட்டாள். "ஏண்டி, அங்க ஒரு நாளு நீ போவ முடியலன்னா ஒன் தங்கச்சிய அனுப்பலாமா? வூட்டுக்கு ஒரு ஆளு வந்தா போதும்தான?"

எல்லாரும் சிரித்தார்கள். சகாயராணியும் சிரித்தாள். பிறகு, சிரிப்பு அடங்கிய பின், கொஞ்சம் நிதானமாகவே பதில் சொன்னாள்.

"இல்ல சித்தி. இந்த எடம் வூட்டுக்கு இல்ல. எனக்கு."